இரண்டாவது பிரேக்

அத்தியாயம் 6

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

'மூணரைக்கு ஸ்கேன். வர்றதுன்னா வாங்க. வரலைன்னா பரவாயில்லை.'

மாஸ்டர் அதை மூன்று முறை படித்தார். முதல் இரண்டு வாக்கியங்களில் எந்த வில்லங்கமும் இல்லை. அந்தக் கடைசி 'பரவாயில்லை'தான் இடித்தது. திட்டி எழுதியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பரவாயில்லை என்று முடித்துவிட்டவளிடம் எந்த முனையைப் பிடித்துப் பேச்சை ஆரம்பிப்பது? அவளோ ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் முதல் முறையாக எட்டிப் பார்க்கிறவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே தெரிந்தவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

மாஸ்டருக்கு நாற்பத்திரண்டு வயது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். மனைவிக்கு முப்பத்தேழு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவரிடம் கார் கற்க வந்தவள்தான். இரண்டு முறை தேர்வில் தோற்றாள், மூன்றாம் முறை தேறினாள். தேறிய மறுநாளும் காலை ஆறரைக்கு வகுப்புக்கு வந்து நின்றாள். "இன்னும் எதுக்கு?" என்று இவர் கேட்டதற்கு, "ரிவர்ஸ் சரியா வரலை மாஸ்டர்" என்றாள். ரிவர்ஸ் அவளுக்கு அட்டகாசமாக வரும். அது அவருக்கும் தெரியும். கல்யாணம் அப்படித்தான் நடந்தது.

கல்யாணத்துக்கு முன்பே இருவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள், குழந்தை வேண்டாம் என்று. அவர் சொன்ன காரணம் எளிமையானது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அடுத்தவர் உயிரைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர் அவர். வீட்டுக்கு வந்தால் யாரையும் கவனிக்க வேண்டாம், காலை நீட்டிக்கொண்டு சும்மா இருக்கலாம் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. அவளும் சரி என்றாள். ஆறு வருடம் அப்படியே ஓடியது.

ஐந்து வாரத்துக்கு முன் அவர் வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள். இது சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் கதாநாயகன் அவளைத் தூக்கிச் சுற்றியிருப்பான். நம் மாஸ்டர் ஒற்றை ஷூவோடு நிமிர்ந்து, "சரியா பார்த்தியா?" என்று கேட்டார்.

ஒரு நாளைக்கு அறுபது பேருடைய ரத்தத்தைப் பார்த்துச் சொல்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? பதினான்கு வருடத்தில் அவள் கையெழுத்துப் போட்ட ஒரு அறிக்கைகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை.

"ரெண்டு தடவை பார்த்தேன், மாஸ்டர்," என்றாள் அவள். அன்றிலிருந்து 'ஏங்க' போய் பழையபடி 'மாஸ்டர்' ஆகிவிட்டது.

போன வாரம் அவள் குரலை உயர்த்தாமல் தன் முடிவைச் சொன்னாள்: "நான் பெத்துக்கப் போறேன். நான் முன்னாடி வேற மாதிரி சொன்னேன், வாஸ்தவம். இப்ப மனசு மாறிடுச்சு. அதுக்காக உங்களை இழுத்துட்டு வந்து அப்பாவாக்க எனக்குத் தெம்பில்லை. ஸ்கேன் அன்னிக்கு நீங்களா வந்தா வாங்க. வரலைன்னா அதையே பதிலா எடுத்துக்கறேன்."

அந்த ஸ்கேன்தான் இன்றைக்கு. அது போதாதென்று பதினொரு மணிக்கு மாஸ்டருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவருடைய மாமனாருக்கு இன்று கார் தேர்வு.

* * *

மாமனார் ரயிலில் முப்பத்து நான்கு வருடம் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கார்டு என்றால் கடைசிப் பெட்டி. ரயில் எங்கே போகிறது என்பதைவிட, எதை விட்டுவிட்டு வந்தது என்பதுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பழக்கம் காருக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கண் தானாகக் கண்ணாடிக்குப் போய்விடும்.

"மாமா, முன்னால பாருங்க."

"பின்னால ஒருத்தன் ரொம்ப ஒட்டி வர்றான் மாப்பிள்ளை."

"வரட்டும் மாமா. நம்மள இடிக்காம பார்த்துக்கறது அவன் பாடு. உங்க பாடு முன்னாடி இருக்கு."

நான்கு வாரமாக இதே பாட்டு. அறுபத்தாறு வயதில் எதற்கு இந்தத் திடீர் ஆசை என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். "சும்மா, பொழுது போகணும்ல" என்று மாமனார் சொன்னதை மாஸ்டர் அப்படியே நம்பிவிட்டார். மற்றபடி நல்ல மாணவர். சொன்னதைச் செய்வார், நேரத்துக்கு வருவார். இண்டிகேட்டர் போட மறந்ததே இல்லை.

தேர்வு மைதானத்தில் மர பெஞ்சில் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மூன்று பேர் பாக்கி. மாமனார் இஸ்திரி போட்ட சட்டையும் பளபளவென்று துடைத்த ஷூவுமாக, வேலைக்குக் கிளம்பியவர் போலவே வந்திருந்தார்.

"பயமா இருக்கா மாமா?"

"பயமெல்லாம் இல்லை. பாஸ் பண்ணியாகணும். அதான்."

"பாஸ் பண்ணலைன்னா என்ன? பொழுதுபோக்குக்குத்தானே?"

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். அவசரமே இல்லாமல் துடைத்தார்.

"பொழுது போகலைன்னா நான் சீட்டு விளையாடப் போவேன் மாப்பிள்ளை. இது அவளுக்காக."

"யாருக்கு?"

"என் பொண்ணுக்கு. இன்னும் ஆறு மாசத்துல பிரசவம். அதுவரைக்கும் மாசா மாசம் ஆஸ்பத்திரி. அப்புறம் குழந்தைக்கு ஊசி, காய்ச்சல், பள்ளிக்கூடம். வண்டி ஓட்ட ஒரு ஆள் வேணும்ல?"

"நான் இருக்கேனே மாமா."

"இருப்பீங்களா?"

குத்திக்காட்டுவதற்காக அவர் அதைக் கேட்கவில்லை. ரயில் கிளம்புவதற்கு முன்னால் கார்டு கதவெல்லாம் சாத்தியாச்சா என்று கேட்பாரே, அதே குரல்தான். பதில் தெரிந்தால் கொடியைக் காட்டலாம், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

நான்கு வாரமாகத் தன் இடத்துக்கு ஒரு ஆளைத் தன் கையாலேயே தயார் செய்துகொண்டிருந்தோம் என்பது அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. அதுவும் அரைகுறையாகச் சொல்லித்தந்திருக்கக் கூடாதா? கிளட்சிலிருந்து காலை எப்படிப் பக்குவமாக எடுப்பது என்பது வரைக்கும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொடுத்திருந்தார்.

அதற்குள் அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

* * *

அந்த ஊர்த் தேர்வு முறை இப்படி. மாணவர் ஓட்டுவார். பக்கத்து இருக்கையில் ஆசிரியர். பின் இருக்கையில் தேர்வு அதிகாரி ஒரு அட்டையும் பேனாவுமாக. பள்ளிக் கார் என்பதால் ஆசிரியரின் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று இருக்கும். தேர்வில் ஆசிரியர் அதைத் தொட்டால் மணி அடிக்கும். மணி அடித்தால் மாணவர் தோற்றார் என்று அர்த்தம். மறுபேச்சு கிடையாது.

பதினோரு வருடத்தில் மாஸ்டர் தேர்வில் அந்த பிரேக்கைத் தொட்டதே இல்லை. பள்ளியின் பெயர்ப்பலகையில் எழுதாத பெருமை அது. மாணவர் தோற்றாலும் தானே தோற்க வேண்டும் என்பது அவர் கட்சி. தேர்வு ஆரம்பித்ததும் இரண்டு காலையும் இருக்கைக்கு அடியில் இழுத்துப் பின்னிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இன்றும் அப்படித்தான் உட்கார்ந்தார்.

பின்னால் இருந்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். "கிளம்பலாம்," என்றார். மாமனார் கிளம்பினார். கிளம்பியதே ஒரு குலுங்கல் இல்லாமல் இருந்தது. மேட்டில் நிறுத்தி எடுத்தார். இரண்டு லாரிகளுக்கு நடுவில் ரிவர்ஸில் விட்டார். கண்ணாடியை எவ்வளவு பார்க்க வேண்டுமோ அவ்வளவே பார்த்தார். மனுஷன் வீட்டில் உட்கார்ந்து நாற்காலியிலேயே ஓட்டிப் பழகியிருக்க வேண்டும்.

பாஸ் பண்ணிவிடுவார் என்று மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிந்த கணத்தில் ஆசிரியருக்கு வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கடைசித் திருப்பம். மருந்துக் கடையைத் தாண்டிப் பாதசாரிகள் கடக்கும் இடம். ஒரு பெண் குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டியோடு ஓரமாக நின்றிருந்தாள். வண்டிக்கு வெளியே இரண்டு சின்னக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு பாதத்தில் சாக்ஸ் இருந்தது, இன்னொன்றில் இல்லை. அவள் வண்டியைச் சாலையில் இறக்கினாள்.

இருபது மீட்டர் இருந்தது. மாமனாரின் கால் ஏற்கெனவே பிரேக்கில் இருந்தது, கார் வேகம் குறைந்துகொண்டிருந்தது. மாஸ்டருக்கு அது தெரியும். தன் உடம்பாலேயே உணர்ந்தார்.

அப்படியிருந்தும் இருக்கைக்கு அடியிலிருந்து அவருடைய வலது கால் பிரிந்து வந்து ஓங்கி மிதித்தது.

மணி அடித்தது.

தள்ளுவண்டிக்காரப் பெண் இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிதானமாகக் கடந்து போனாள். பின் இருக்கையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"அவர் நிறுத்தியிருப்பார்," என்றார் அதிகாரி. "உங்க கால் முந்திடுச்சு. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. நான் எழுதித்தான் ஆகணும்."

மாஸ்டர் காலை மெல்ல பிரேக்கிலிருந்து எடுத்தார்.

* * *

காரை ஓரம் கட்டிவிட்டு இருவரும் மைதானத்துச் சுவரோரம் நின்றார்கள். மாமனார் தோல்விச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நான் அந்தப் பொண்ணை எப்பவோ பார்த்துட்டேன் மாப்பிள்ளை."

"தெரியும் மாமா."

"கால் பிரேக்லதான் இருந்துச்சு."

"அதுவும் தெரியும்."

"அப்புறம் எதுக்கு மிதிச்சீங்க?" அவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "பெஞ்சுல நான் பேசினது மனசுல வெச்சுக்கிட்டு வேணும்னே மிதிச்சீங்களா?"

கேட்க வேண்டிய கேள்விதான். மாஸ்டர் தன்னையே ஒரு முறை கேட்டுப் பார்த்தார். சந்தோஷம் வராதது உண்மை. ஆனால் மிதித்தபோது பெஞ்சும் ஞாபகத்தில் இல்லை, மாமனாரும் ஞாபகத்தில் இல்லை.

"இல்லை மாமா. அந்தக் குழந்தைக்கு ஒரு கால்ல சாக்ஸ் இல்லை. அதைத்தான் பார்த்தேன். அதுக்கப்புறம் கால் என் பேச்சைக் கேக்கலை."

மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கடைசிப் பெட்டியிலிருந்து வெகுதூரத்தில் எதையோ பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவை இப்படி ஆயிருக்கு?"

"ஒரு தடவைகூட இல்லை. உங்க பொண்ணு டெஸ்ட்லகூட இல்லை."

"ம்," என்றார் மாமனார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த தேதி எப்போ கிடைக்கும்?"

"மூணு மாசம் ஆகும்."

"சரி. பாஸ் பண்ணிட்டு உங்க காரையே கடன் வாங்கி அவளைக் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன். மூணு மணிக்கு லேப் வாசல்ல வந்து நிக்கறேன்னு சொல்லிட்டேன். இப்ப நான் டாக்சி பிடிக்கணும்."

"நான் போறேன் மாமா."

"நான் ஃபெயிலானதுக்குப் பரிகாரமாவா?"

"இல்லை."

"வேணாம் மாப்பிள்ளை, யோசிச்சுச் சொல்லுங்க. டாக்சி பிடிக்கறது எனக்கொரு கஷ்டமும் இல்லை. அவ வாசல்ல காத்துக்கிட்டு நிக்கக் கூடாது, அதுதான் எனக்கு."

"யோசிச்சுட்டேன்," என்றார் மாஸ்டர். பாதிதான் யோசித்திருந்தார். மீதியை அந்த வலது கால் யோசித்துவிட்டது.

மாமனார் தலையை ஆட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம் பக்கம் நடந்தார். நாலு எட்டு போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார். திரும்பிப் பார்ப்பது அவருக்குத் தொழில்.

* * *

மாஸ்டர் இரண்டு மணி மாணவருக்கும் மூன்று மணி மாணவருக்கும் ஃபோன் செய்து, இன்று வகுப்பு இல்லை என்றார். "உடம்பு சரியில்லையா மாஸ்டர்?" என்று இருவருமே கேட்டார்கள்.

மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பரிசோதனைக் கூடத்தின் வாசலில் காரை நிறுத்தினார். அவள் வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். பள்ளிக் காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஓட்டி வந்தது யாரென்று தெரிந்ததும் மலர்ச்சி பாதியில் நின்றது.

"அப்பா எங்கே?"

"ஃபெயில்."

"அப்பாவா? அவர் நாற்காலியில உக்காந்துகிட்டே கியர் போட்டுட்டு இருந்தாரே. எப்படி ஃபெயிலானார்?"

"நான் பிரேக் போட்டுட்டேன்."

அவள் கார்க் கதவைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"நீங்களா? டெஸ்ட்லயா? என் முதல் டெஸ்ட்ல நான் குப்பைத்தொட்டி மேல ஏத்தினேன். அப்பக்கூட நீங்க காலை மடக்கிட்டு வானத்தைப் பார்த்துட்டு இருந்தீங்க."

"அது குப்பைத்தொட்டி."

"இது என்னவாம்?"

"தள்ளுவண்டி. உள்ள ஒரு குழந்தை. ஒரு கால்ல சாக்ஸ் இல்லை."

கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காத்திருக்கும் அறையில் எட்டு நாற்காலிகள், ஒரு மீன்தொட்டி. மீன் ஒன்றுதான் இருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏன் வந்தீங்க?"

மாஸ்டர் வழியெல்லாம் ஒரு பதில் தயார் செய்துவைத்திருந்தார். அழகான பதில். அதைச் சொல்ல வாயெடுத்தவருக்கு வேறு எதுவோ வந்தது.

"எனக்கு இன்னும் ஆசைன்னு ஒண்ணும் வரலை. பொய் சொல்லலை. பயம்தான் இருக்கு. காலையில இருந்ததைவிட இப்ப அதிகமாவே இருக்கு. ஆனா வேற யாரோ இங்க வந்து உன் பக்கத்துல உக்காருறது எனக்குப் பிடிக்கலை. மாமாவா இருந்தாலும் சரி."

அவள் மீனை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். "இந்த அஞ்சு வாரத்துல நீங்க பேசினதுலயே இதுதான் நீளம்," என்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

திரையில் முதலில் மாஸ்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை, மழை நாளில் வைப்பர் ஓடாத கண்ணாடி மாதிரிதான் இருந்தது. ஸ்கேன் செய்த பெண் கருவியைக் கொஞ்சம் நகர்த்தினாள். நடுவில் கடுகளவு எதுவோ மினுக்மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. இண்டிகேட்டர் போட்டுவிட்டுத் திரும்பக் காத்திருக்கிற வண்டி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இதயத் துடிப்பு. நிமிஷத்துக்கு நூத்தி அம்பத்திரண்டு," என்றாள் அந்தப் பெண்.

"நூத்தி அம்பத்திரண்டா?" மாஸ்டர் திரையை நோக்கிக் குனிந்தார். "அவ்வளவு வேகமாவா? சரியா பார்த்தீங்களா?"

சொல்லிமுடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். படுத்திருந்த மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். ஐந்து வாரத்துச் சிரிப்பைச் சேர்த்துவைத்திருந்தவள் போல வயிறு குலுங்கச் சிரித்தாள். திரையில் எல்லாமே குலுங்கியது.

"அம்மா, அசையாதீங்க," என்றாள் ஸ்கேன் பெண். "எல்லாக் குழந்தைக்கும் இந்த வேகம்தான் சார். நல்லா இருக்கு."

மாஸ்டர் அந்த மினுக்கத்தின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியது. அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். அவள் பார்த்தாள்.

* * *

வெளியே வந்ததும் அவள் கையை நீட்டினாள். "சாவியைக் கொடுங்க. நான் ஓட்டறேன்."

அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் கால் இரண்டாவது பிரேக்குக்குப் போனது.

"காலை எடுங்க," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

எடுத்தார்.

வெயில் இறங்கியிருந்தது. முதல் சிக்னலில் அவர்கள் வீட்டுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் நேராகப் போனாள்.

"வீடு அந்தப் பக்கம்."

"தெரியுங்க."

'ங்க' என்று முடிந்தது அவர் காதில் விழுந்தது. 'மாஸ்டர்' என்ற சொல்லைக் காணோம். அவர் சந்தோஷப்பட ஆரம்பிப்பதற்குள், அவள் கைப்பையிலிருந்து எதையோ எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். புத்தம் புதிய சாவி. சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"என்ன இது?"

"வீட்டுச் சாவி. அப்பா வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. போன வாரமே பேசி வெச்சுட்டேன். இன்னிக்கு நீங்க வரலைன்னா நாளைக்குச் சாமான் எடுக்கறதா இருந்தது."

காலையில் ஒட்டியிருந்த அந்தச் சீட்டு எவ்வளவு தூரம் யோசித்து எழுதப்பட்டது என்பது இப்போதுதான் மாஸ்டருக்குப் புரிந்தது. அவள் பரவாயில்லை என்று எழுதியது வெறும் வார்த்தை இல்லை. எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறாள்.

"எத்தனை பேருக்குப் பார்த்த?"

"ரெண்டு பேருக்கு."

அந்த இரண்டு பேர் யார் யார் என்று அவர் கேட்கவில்லை. அதில் ஒருவருக்குக் கடுகளவு இதயம் நிமிடத்துக்கு நூற்று ஐம்பத்திரண்டு முறை அடிப்பதை அவர் சற்றுமுன்தான் பார்த்தார். இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

முன்னால் ஒரு பேருந்து நின்றது. கார் அதை நெருங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் இரண்டு காலையும் இருக்கைக்கு அடியில் இழுத்துப் பின்னிக்கொண்டார். அவள் எப்போது நிறுத்த வேண்டுமோ அப்போது நிறுத்தினாள்.

"அங்க மூணாவதா ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?" என்று கேட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், இடது பக்கத்துக்கு இண்டிகேட்டர் போட்டாள்.

"அதைப் பார்க்கத்தாங்க போறோம்," என்றாள்.